டி.சி. கொடுத்தால் அந்தப் பையன் எங்கே போவான்?

வாசகர் கடிதம்: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர், பள்ளிக்குப் பின்னால் உள்ள பம்புசெட் கொட்டகையில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது பி.டி. சாரிடம் சிக்கிவிட்டார்கள். அதில் ஒருவன் நன்றாகப் படிப்பவன். அவன் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். “அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் டீச்சர்” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது தலைமையாசிரியரின் எண்ணம். நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள் சில ஆசிரியர்கள். அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. விழிப்புணர்வுப் பேரணியில் பதாகை பிடித்து நடந்த பிள்ளைகள்தான் இவர்கள். புற்றுநோய்ப் படங்களையும் பார்த்தவர்கள். பிறகு ஏன் பிடிக்கிறார்கள்? அடுத்து வரும் பிள்ளைகளாவது இதில் விழாமல் இருக்கப் பள்ளி என்ன செய்யலாம்?

அன்புள்ள டீச்சர்,

குழு அடுத்த வாரமே கூடுவதால் அந்த முடிவை முதலில் பேசிவிடுவோம். டி.சி. கொடுக்க வேண்டாம். அடிக்கவும் வேண்டாம்.

பதினாறு வயதுப் பையன் பள்ளிக்கு வரும் நாளில், காலை ஒன்பதிலிருந்து மாலை நாலேகால் வரை பெரும்பாலும் சிகரெட் இல்லாமல் இருக்கிறான். டி.சி.யோடு வெளியே போனால் நடு ஆண்டில் வேறு பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்வது கடினம். அம்மா வேலைக்குப் போய்விடுவார். அவன் மதகுக் கட்டையில் உட்காருவான். டீக்கடை பெஞ்சில் உட்காருவான். தை பிறந்தால் அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போவான், அல்லது நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவான். சிகரெட் கையில் இருப்பவர்கள்தான் அங்கெல்லாம் அவனுக்குத் துணை. பள்ளி அவனை எதிலிருந்து காப்பாற்ற நினைக்கிறதோ, அதன் நடுவிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாக ஆகும்.

வகுப்பில் மிச்சமிருக்கும் நாற்பது பேர் இதிலிருந்து கற்பது ஒன்றுதான்: மாட்டிக்கொள்ளக் கூடாது. அதன்பிறகு எந்தப் பையனும் உங்களிடம் வந்து, “டீச்சர், அவன் பழகிட்டான், கொஞ்சம் பேசுங்க” என்று சொல்ல மாட்டான். அப்படி வந்து சொல்ல ஒரு பிள்ளை இருப்பது பள்ளிக்குப் பெரிய பலம், அதை ஒரே நாளில் இழந்துவிடாதீர்கள். அடிப்பதிலும் இதே சிக்கல்தான். சட்டம் தடுத்திருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அடி வாங்கியும் விடாமல் பிடிக்கிறவன் கூட்டாளிகளிடையே இன்னும் கெத்தாகிவிடுகிறான்.

ஏன் பிடிக்கிறார்கள் என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தின் உயிர். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து என்னிடம் ஆலோசனைக்கு அழைத்துவரப்படும் பையன்களிடம் முதல் சிகரெட்டைப் பற்றிக் கேட்பேன். “பிடிச்சிருந்ததா?” என்றால் அநேகமாக எல்லோரும் இல்லை என்பார்கள். இருமல் வந்தது, தலை சுற்றியது, வாந்தி வரப் பார்த்தது என்பார்கள். அப்படியானால் இரண்டாவதை ஏன் பிடித்தாய் என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும். “எல்லாரும் பிடிக்கறப்ப நான் மட்டும் சும்மா நின்னா ஒரு மாதிரி இருந்துச்சு.” “வேணாம்னா பச்சப் புள்ளன்னு ஓட்டுவானுங்க.” “அண்ணனுங்க அன்னைக்குத்தான் என்னைக் கூட உக்கார வச்சிப் பேசுனாங்க.” மூட்டை தூக்கப் போன ஒரு பையன் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: தம் அடிக்கிறவன் கால் மணி நேரம் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லையாம், சும்மா உட்கார்ந்தால் மேஸ்திரி கூப்பிட்டுவிடுவாராம்.

புகையின் ருசியை இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. பெரியவனாக நடத்தப்பட வேண்டும், கூட்டத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும், கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதைத்தான் சொன்னார்கள். பதினாறு வயதில் இந்த ஆசைகள் எல்லாமே நியாயமானவை. அவற்றைப் பெற ஊர் அவனுக்குக் காட்டிய வழி தவறானது. உங்கள் பள்ளி எதைத் திட்டமிட்டாலும், பையன் சிகரெட்டில் தேடிய இடத்தை வேறு எங்கே கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

நம் ஊர் எப்படி வழிகாட்டுகிறது என்று பாருங்கள். தாத்தாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கி வா என்று ஏழு வயதுப் பிள்ளையை அனுப்புகிறோம், கடைக்காரருக்கும் அவன் கை பழகிவிடுகிறது. சாவு வீட்டில் பந்தலுக்குள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடியும் சிகரெட்டும் தீப்பெட்டியும் வைக்கிறோம். அதைச் சுற்றி எடுத்துப்போவது பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். வேதாரண்யம் வட்டாரத்து மணல் மண்ணில் மெல்லும் புகையிலை பயிராகி வந்திருக்கிறது. கும்பகோணம் வெற்றிலையோடு அதை அடக்கிக்கொள்ளும் பாட்டிகளின் மடியில் வளர்ந்தவர்கள் நாம். யாரையும் குற்றம் சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை பள்ளியில் ஒரு மணி நேரம் கேட்கும் உரைக்கு எதிரே, இருபத்து மூன்று மணி நேரம் ஊர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஊரில் ஒரு காரியம் நடக்கும்போது தாம்பாளத்திலிருந்து பீடியையும் சிகரெட்டையும் எடுத்துவிடலாமே என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் பேசினாலே பெரிய மாற்றம்.

ஆசை ஆரம்பித்துவைக்கிறது, நிகோட்டின் பிடித்துவைக்கிறது. ஓர் இழுப்பு இழுத்தால் 10 முதல் 20 நொடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே இதமான உணர்வைத் தரும் டோபமைனைச் சுரக்க வைக்கும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். பழகிய பையனுக்கு அப்போது எரிச்சல் வரும், கவனம் சிதறும், கை எதையோ தேடும். மறுபடி இழுத்தால் அந்த எரிச்சல் அடங்கும். “டென்ஷன் குறையுது சார்” என்று அவன் சொல்வது பொய்யில்லை, அவன் உணர்வது அதைத்தான். ஆனால் குறைகிற டென்ஷனைக் கொண்டுவந்ததே முந்தைய சிகரெட் என்பது அவனுக்குத் தெரியாது. இதைப் பலகையில் வரைந்து காட்டினால் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் உன்னிப்பாகக் கேட்கிறார்கள். உங்கள் உயிரியல் ஆசிரியரால் இதை நன்றாகச் செய்ய முடியும்.

மூளையின் முன்பகுதி, அதாவது பின்விளைவை யோசித்து நிறுத்து என்று சொல்லும் பகுதி, முழுதாக முதிர இருபத்தைந்து வயது வரை ஆகிறது. இதத்தைத் தேடும் பகுதி அதற்கு வெகு முன்பே வேலைக்கு வந்துவிடுகிறது. புது மண்ணில் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் தடம் பிடித்துக்கொள்வதுபோல, இந்த வயதில் பழகியது ஆழமாகப் பதிகிறது. தினமும் பிடிக்காத பிள்ளைகளிடம்கூடச் சில வாரங்களிலேயே அடிமைத்தனத்தின் முதல் அறிகுறிகள் தென்படலாம். “எப்ப வேணா விட்டுடுவேன்” என்று பையன் சொல்வதை அவன் உண்மையாகவே நம்புகிறான், விட முயன்றால்தான் அவனுக்கே தெரியவரும்.

பதாகையும் புற்றுநோய்ப் படமும் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தீர்கள். புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதும், அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவருக்கு ஐம்பது வயது. பதினாறு வயதுக்காரனுக்கு அது வேறு யாரோ. இன்னொன்றும் உண்டு. சிகரெட் பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து நடைமுறை. பெட்டிக்கடையில் ஒற்றை ஒற்றையாக வாங்கும் பையன் அந்தப் பாக்கெட்டைக் கையில் தொடுவதே இல்லை. உலக புகையிலை எதிர்ப்பு நாளோ மே 31, அன்று நம் பள்ளிகளில் கோடை விடுமுறை.

அவனுக்குத் தொலைவில் இருப்பதைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கலையொட்டி இரவு முழுக்கக் கபடிப் போட்டி நடக்கும். பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் எதிரணிக் களத்தில் அவனுக்கு மூச்சு முன்னதாகவே முட்டும். நிறுத்தி ஒரு நாளுக்குள் அந்த வாயு ரத்தத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். இதை பி.டி. சார் மைதானத்தில் வைத்துச் சொன்னால் அவர்கள் காதில் ஏறும்.

இப்போது அந்த மூன்று பேர். மூவரையும் சேர்த்து நிற்கவைத்து விசாரிக்க வேண்டாம், சேர்ந்திருக்கும்போது ஒருவனுக்காக ஒருவன் வீராப்புப் பேசுவான். தனித்தனியாக, பணியாளர் அறையில் மற்றவர்கள் பார்க்க அல்லாமல், உட்காரச் சொல்லிப் பேசுங்கள். “ஏன்டா இப்படிப் பண்ணே” என்ற கேள்விக்கு எந்தப் பையனிடமும் பதில் கிடையாது, தலையைத்தான் குனிவான். எப்போது முதலில் பிடித்தாய், யாரோடு, வாரத்தில் எத்தனை நாள், காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்து முதல் சிகரெட் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் நிகோட்டின் அவனை நன்றாகப் பிடித்துவிட்டது, அவனுக்கு மருத்துவ உதவி வேண்டும். தேர்வு முடிந்த அன்று மட்டும், இந்தக் கூட்டாளிகளோடு மட்டும் என்றால், கூட்டாளியும் நேரமும்தான் பிரச்சினை. அங்கே பேச்சு போதும், மாலை நேரத்தை மாற்றிக்கொடுத்தால் போதும். மூவருக்கும் ஒரே பதில் இருக்காது.

ஆனால் எந்த விளைவும் இல்லாமல் விட்டுவிடச் சொல்லவில்லை. விதியை மீறியதற்குப் பொறுப்பு ஏற்கத்தான் வேண்டும். ஒரு மாதம் மாலையில் மைதானத்தில் பி.டி. சாரோடு நின்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டை நடத்தட்டும். வாரம் ஒரு முறை உங்களிடம் வந்து பத்து நிமிடம் பேசட்டும். இது தண்டனையாகவும் இருக்கும், அவன் தேடிய இடமும் அதிலேயே அவனுக்குக் கிடைக்கும். பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

நிறுத்த முயல்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். தவிப்பு வந்தால் அது மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், இடத்தை விட்டு நகரட்டும், மூச்சை ஆழ இழுத்து விடட்டும். முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம், கோபம் வரும், தூக்கம் கெடும், பாடம் ஓடாது. அந்த நாள்களில் வகுப்பில் எரிந்து விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சக ஆசிரியர்களிடம் சொல்லிவையுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோட்டின் சூயிங்கத்தைத் தாங்களாகவே வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த சிகரெட்டை அவர்களுக்கு விற்றது யார்? உங்கள் கடிதத்தில் அந்தக் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று பிள்ளைகளின் படிப்பை நிறுத்தலாமா என்று ஊரே பேசுகிறது, விற்றவரிடம் ஒருவரும் பேசவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிறையாதவருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்பதையும் தடுக்கிறது. அதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான், பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெட்டிக்கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெரும்பாலான ஊர்களில் அவர் யாருக்கோ சித்தப்பா, யாருக்கோ மாமா. போலீசோடு போய் நிற்பதற்கு முன்னால் தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் இரண்டு பெற்றோரும் சேர்ந்து போய், சட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மரியாதையாகப் பேசட்டும். நம் பிள்ளைகள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் நிறையப் பேர். கேட்காதவருக்கு எழுத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

புகையிலையற்ற கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதலில், நூறு கஜத் தூரத்தில் சாலையில் மஞ்சள் கோடு போடச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கவும், அவர் பெயரும் தொடர்பு எண்ணும் உள்ள பலகை வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவரும் கண்காணிப்பாளராக இருக்கலாம். அந்த மஞ்சள் கோட்டை மாணவர்களையே நாடா பிடித்து அளந்து போடச் சொல்லுங்கள். தாங்கள் அளந்த கோட்டுக்கு உள்ளே ஒரு கடை இருப்பதை அவர்களே பார்ப்பார்கள்.

பள்ளி வளாகத்துக்குள் புகைப்பவருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கே இருக்கிறது. அதை வளாகத்துக்குள் வரும் பெரியவர்களுக்குப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கட்டட வேலைக்கு வரும் ஆட்கள், தேர்தல் வேலைக்கு வருபவர்கள், ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட வருபவர்கள். உங்கள் ஆசிரியர்களில் யாராவது பதினொரு மணி இடைவேளையில் டீக்கடைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருகிறாரா? பையன்களுக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். அவரைப் பழிக்க வேண்டாம், அவரும் நிகோட்டினிடம் மாட்டியவர்தான். இந்த மூன்று பேரோடு சேர்ந்து தானும் நிறுத்துவதாக அவர் சொன்னால் பிள்ளைகள் அதைப் பெரிதாக மதிப்பார்கள்.

புகை இல்லாதவற்றையும் மறந்துவிடக் கூடாது. உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப், ஹான்ஸ் போன்றவை புகையோ நாற்றமோ இல்லாததால் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை. ஓயாமல் துப்புவது, ஈறில் வெள்ளைத் திட்டு, கீழுதட்டை உள்ளே இழுத்து வைத்துப் பேசுவது, இவற்றைக் கண்டால் கவனியுங்கள். பெண் பிள்ளைகள் இதில் இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

அடுத்து வரும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? 2019-இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுத்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தி வந்தார்கள். சிகரெட் தொட்டவர்களில் 38 சதவீதம் பேர் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொட்டவர்கள். பதினொன்றாம் வகுப்பில் தொடங்கினால் காலம் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆறாம் வகுப்பில், ஜூனில் பள்ளி திறந்ததுமே ஆரம்பியுங்கள். முடிந்தால் பக்கத்துத் தொடக்கப் பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் மட்டும் நடத்தினால் போதுமா என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மூன்றாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும் வரை பாடம் நடத்தினார்கள். கடைசியில் பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் புகைப்பதில் வேறுபாடே இல்லை. சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் மைத்ரி என்ற பெயரில் 2004 முதல் 2006 வரை நடந்த முயற்சி நமக்கு நம்பிக்கை தருகிறது. வகுப்பில் செயல்பாடுகள் இருந்தன, சக மாணவர்களே நடத்தினார்கள், சுவரொட்டி போட்டார்கள், பெற்றோருக்கு அஞ்சலட்டை போனது. இரண்டு ஆண்டில், முயற்சி நடந்த பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 சதவீதம் குறைந்தது, நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியது. எட்டாம் வகுப்பை விட ஆறாம் வகுப்பில் பயன்பாடு அதிகம் இருந்ததையும் அங்கே கண்டார்கள்.

சக மாணவர் என்றால் முதல் மதிப்பெண் வாங்குபவரையோ வகுப்புத் தலைவரையோ தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் மாணவர்களிடமே, நீ யார் பேச்சைக் கேட்பாய் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதிகம் பேர் எழுதிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, நண்பர்களோடு சாதாரணமாகப் பேசும்போது இதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். புகைப்பது குறைந்தது. உங்கள் வகுப்பில் அப்படி எழுதச் சொன்னால் கடைசி பெஞ்ச் பையன் பெயர் வரலாம். மாட்டிய மூன்று பேரில் ஒருவன் பெயரே வரலாம். வந்தால் அவனையே எடுங்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முக்கியமாகத் தேவைப்படுவது, வேண்டாம் என்று சொல்லும் பழக்கம். அதைப் புத்தகத்தில் படித்துப் பயனில்லை, நாடகமாக நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் மாப்ள ஒரே ஓர் இழுப்பு என்று நீட்ட, மற்றவன் சண்டை போடாமல், நட்பை முறிக்காமல் எப்படித் தப்புகிறான்? “எனக்கு இருமல் வருது, நீ பிடி.” “கபடிக்கு மூச்சு வேணும்டா.” “வா, அந்தப் பக்கம் போவோம்.” பிள்ளைகளே வசனம் கண்டுபிடிப்பார்கள். இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: புகையிலையால் தினமும் வாடிக்கையாளர்கள் இறக்கிறார்கள், விற்கிறவர்களுக்கு அந்த இடத்தை நிரப்ப இளைய ஆள் வேண்டும், அந்த ஆளாக அவர்கள் பார்ப்பது உன்னை. தன்னை ஒருவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தால் இந்த வயதுப் பிள்ளைக்கு வரும் கோபம் நமக்கு உதவும்.

ஒரே ஒரு காரியம்தான் முடியும் என்று உங்கள் தலைமையாசிரியர் சொன்னால், மாலை நேரத்தைக் கேளுங்கள். நாலேகாலுக்குப் பள்ளி விடுகிறது. உள் கிராமத்துப் பேருந்து ஐந்தரைக்கு மேல்தான் வருகிறது. இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகள் நிறுத்தத்தில், பெட்டிக்கடை வாசலில் நிற்கிறார்கள். டெல்டாக் கிராமங்களிலிருந்து வரும் பையன்களில் பலருக்கு அந்த நேரத்தில்தான் பழக்கம் ஆரம்பித்திருக்கிறது. மைதானத்தை ஐந்தரை வரை திறந்துவையுங்கள். ஒரு கபடிக் களம், ஒரு வாலிபால் வலை, சுழற்சியில் ஓர் ஆசிரியர். மழைக் காலத்துக்கு ஒரு வகுப்பறையும் கேரம் பலகையும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்களின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் வேதியியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் பள்ளியிலும் இருந்தால் அதையும் திருப்பிக் கொடுங்கள். மாலைப் பேருந்தை முன்கூட்டி விடச் சொல்லிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மேலாண்மைக் குழு ஒரு மனு கொடுக்கலாம். புகையிலைத் தடுப்புக்கும் பேருந்து நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், ஒரு மாலை நிறுத்தத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அழுதுகொண்டிருக்கும் அந்த அம்மா. அப்பாவிடமிருந்து மறைப்பதாக நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம், ஆனால் நீங்களாக முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். பையனே சொல்லட்டும் என்று இரண்டு வாரம் நேரம் கொடுங்கள். மறைத்தால் அம்மாவும் பையனும் ஒரு ரகசியத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள், அடுத்து பணம் கேட்கும்போது அம்மாவால் மறுக்க முடியாது. அப்பா வீடியோ காலில் திட்டித் தீர்ப்பார் என்பதுதான் அம்மாவின் பயம். அவரிடம் முன்கூட்டிப் பேச ஒரு வழி இருக்கிறது. அவர் வேலை பார்க்கும் ஊரில் 2021 முதல் 21 வயது நிறையாதவருக்கு சிகரெட் விற்கக் கூடாது, அந்தக் கண்டிப்பை அவர் அன்றாடம் பார்க்கிறார். அந்த ஊர்ச் சட்டப்படி உங்கள் மகன் சிகரெட் வாங்கவே முடியாத வயதில் இருக்கிறான், இங்கே ஒரு கடைக்காரர் அவனுக்கு விற்றிருக்கிறார் என்று தொடங்குங்கள். கோபம் பையன் மேல் மட்டும் போகாது. பிறகு அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வாரத்தில் ஒரு முறை, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல், மகனோடு கால் மணி நேரம் பேச முடியுமா? அப்பா இருந்தும் இல்லாத வீடுகளில் பையன்கள் தெருமுனை அண்ணன்களிடம் போய் நிற்பதை நான் நிறையப் பார்க்கிறேன்.

நிறுத்தியவன் மறுபடி பிடித்தான் என்று ஒரு நாள் உங்களுக்குத் தெரியவரலாம். பலருக்கும் அப்படி ஆகிறது, அதை ஏமாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நேரம், யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு அன்றிலிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள். எழுந்தவுடன் சிகரெட் தேவைப்படுபவன், இரண்டு மூன்று முறை முயன்றும் முடியாதவன், கூடவே தூக்கமோ சாப்பாடோ பேச்சோ குறைந்துபோனவன், இவர்களைத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வீட்டாரோடு அனுப்பிவையுங்கள். புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டு எண்களையும் பதினொன்றாம் வகுப்பின் கதவுக்கு உட்புறம், பையன்கள் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளும்படி ஒட்டிவையுங்கள்.